கடல் தாண்ட ஒரு தகுதி குறைகிறது

ராஜபாளையத்துக்கும் கடலுக்கும் சம்பந்தம் இல்லை. மேற்கே பார்த்தால் மலை. கிழக்கே பார்த்தால் கரிசல் காடு. தண்ணீர் என்றால் இந்த ஊர்க்காரர்களுக்குக் கண்மாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், மழைக் காலத்தில் அய்யனார் கோயில் ஆற்றில் இறங்கிவரும் தண்ணீர், அவ்வளவுதான். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இதே கதைதான். திருமுக்குளம் நிரம்பினால் ஊரே போய்ப் பார்த்து மகிழும். கடலைக் காண வேண்டுமென்றால் தூத்துக்குடிக்கோ திருச்செந்தூருக்கோ பஸ் ஏற வேண்டும்.

ஆனால் கடல் கடந்து போன பிள்ளைகளைப் பெற்ற வீடுகள் இன்று இந்த இரண்டு ஊர்களிலும் தெருவுக்குத் தெரு உண்டு. மகன் துபாயில் இருப்பான். மகள் சிங்கப்பூரில் இருப்பாள். பேறுகாலத்துக்குத் தாயார் போயாக வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா இரண்டு கிலோ, வீட்டில் இடித்த பிரசவ மருந்து, பேரக் குழந்தைக்குப் பழைய வேஷ்டியைக் கிழித்துத் தைத்த துணிகள். இவற்றையெல்லாம் பெட்டியில் அடக்கிக்கொண்டு, விடியுமுன் காரில் ஏறி, கிருஷ்ணன்கோயில், டி.கல்லுப்பட்டி, திருமங்கலம் என்று கடந்து மதுரை விமான நிலையத்தில் போய் இறங்குகிறார் அந்த அம்மாள். 2012-ம் ஆண்டு மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் பறக்கத் தொடங்கியது. பிறகு துபாய், சிங்கப்பூர் என்று தடங்கள் நீண்டன. சென்னைக்குப் போய் விமானம் ஏறிய காலம் மாறிவிட்டது.

விமானம் ஓடுபாதையை நோக்கி மெல்ல நகர்கிறது. பணிப்பெண் ஒருவர் நடைவழியில் வந்து நிற்கிறார். மஞ்சள் நிறச் சட்டை ஒன்றைக் கழுத்தில் மாட்டுகிறார். நாடாவை இடுப்பில் சுற்றிக் கட்டுகிறார். ஏதோ ஒரு பிடியை இழுப்பதுபோலப் பாவனை செய்கிறார். குழலில் வாய் வைத்து ஊதுவதுபோலக் காட்டுகிறார். ஒலிபெருக்கியில் ஆங்கிலம் கேட்கிறது. பிறகு ஹிந்தி கேட்கிறது. அந்த அம்மாள் ஆவலோடு பார்க்கிறார். என்ன சொன்னார்கள் என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிறார். "ஒன்றுமில்லை அம்மா, வழக்கமாகச் சொல்வதுதான்" என்று அவர் கண்ணை மூடிக்கொள்கிறார்.

வழக்கமாகச் சொல்வது என்ன? நடுக்கடலில் விமானம் இறங்க நேர்ந்தால் உயிர் பிழைப்பது எப்படி என்பதைத்தான் சொன்னார்கள். மணிக்கணக்கில் கடல் மீது பறக்கப்போகும் ஒரு தாய்க்கு அது புரியவில்லை.

விமானிக்கு எத்தனை பரீட்சை!

கடல் தாண்டும் விமானத்தில் வேலை செய்கிறவர்களுக்குத் தகுதி விதிகள் இல்லாமல் இல்லை. அவற்றைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். இந்தியாவில் வியாபார விமானி லைசென்ஸ் பெறவே குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பெரிய விமானத்துக்குத் தலைமை விமானியாக வேண்டுமானால் 1,500 மணி நேரம் வேண்டும். அதன் பிறகும் விட்டபாடில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை, விமானத்தைப் போலவே ஆடி அசையும் பாவனைக் கூண்டில் உட்காரவைத்து, இஞ்சினில் தீப்பிடித்ததுபோலவும் கருவிகள் பழுதானதுபோலவும் செய்து பரீட்சை வைக்கிறார்கள். தவறினால் மறுபடி பயிற்சி. உடம்பில் கோளாறு என்று டாக்டர் சொல்லிவிட்டால் லைசென்ஸ் பெட்டிக்குள் போய்விடும்.

கடல் தடம் என்றால் இதற்கும் மேலே. தலைமை விமானி அந்தத் தடத்தை அறிந்தவர் என்று நிரூபிக்க வேண்டும். எங்கே எந்த வானொலி நிலையம், எந்தப் பருவத்தில் என்ன காற்று, வழியில் ஒதுங்க எந்த விமான நிலையம், ஆபத்து வந்தால் தேடி மீட்க யாரை அழைப்பது, நெடுந்தூரக் கடலில் வழி கண்டுபிடிக்கும் முறை என்ன என்று எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். கரையை விட்டு வெகுதூரம் போன பிறகு ராடார் கண்ணுக்கு விமானம் தென்படாது. "இந்த நேரத்தில் இந்த இடத்தில் இருக்கிறோம், அடுத்த இடத்தை இத்தனை மணிக்கு அடைவோம்" என்று விமானமேதான் தகவல் கொடுத்துக்கொண்டு போக வேண்டும்.

இரண்டு இஞ்சின் விமானங்களுக்கு இன்னொரு கட்டுப்பாடு. ஓர் இஞ்சின் நின்றுபோனால், மிஞ்சியதைக் கொண்டு ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது ஒரு விமான நிலையத்தை எட்ட முடிகிற தூரத்திலேயே பறக்க வேண்டும் என்பது பழைய விதி. இஞ்சின்கள் நம்பகமானவையாக வளர வளர, 1985-ல் இந்த எல்லையை 120 நிமிஷமாகவும், 1988-ல் 180 நிமிஷமாகவும் நீட்டிக்க அமெரிக்காவில் அனுமதி பிறந்தது. மற்ற நாடுகளும் பின்பற்றின. ஆனால் விமானம் நல்ல விமானமாக இருந்தால் மட்டும் இந்த அனுமதி கிடைத்துவிடாது. கம்பெனியின் பராமரிப்பு எப்படி, விமானிகளுக்கும் தரையிலிருந்து திட்டம் வகுப்பவர்களுக்கும் கொடுத்த பயிற்சி எப்படி என்று தனித்தனியே பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

இத்தனை கண்டிப்பும் வீண் அல்ல. கடல் அப்படிப்பட்டது. 1978-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதி இரவு, பம்பாயிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியாவின் 'எம்பரர் அசோகா' விமானம், ஏறிய இரண்டு நிமிஷத்துக்குள் பாந்திரா கடலில் விழுந்தது. விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று காட்டும் தலைமை விமானியின் கருவி தவறாகக் காட்டியது. அவர் அதை நம்பினார். நிலத்தின் மேல் பறந்திருந்தால் தெரு விளக்குகளாவது உண்மையைச் சொல்லியிருக்கும். இருண்ட கடலும் இருண்ட வானமும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. எது மேல், எது கீழ் என்று சொல்ல அங்கே அடிவானம் இல்லை. 213 பேர் மாண்டனர்.

கடல் மறைத்ததைத் தேடுவதும் எளிதல்ல. 2016 ஜூலை 22-ம் தேதி தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப் படையின் ஏ.என்.-32 விமானம் 29 பேருடன் வங்கக் கடலில் மறைந்தது. கப்பல்களும் விமானங்களும் வாரக் கணக்கில் தேடின. சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தூரத்தில், 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகள் கிடப்பது தெரிந்தது 2024 ஜனவரியில்தான். ஏழரை ஆண்டுகள் கழிந்திருந்தன.

பரிமாறுவதுதானா வேலை?

விமானிக்கு இவ்வளவு தகுதி கேட்கிறோம். பிரயாணிகளோடு இருப்பவர்கள் விமானப் பணியாளர்கள். அவர்களைப் பற்றி நம்மவர்களின் அபிப்பிராயம் என்ன? சிரித்துக்கொண்டே காபி கொடுப்பவர்கள். தண்ணீர் கேட்டால் கொண்டுவருபவர்கள். அதற்குமேல் யாரும் நினைப்பதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு ஒரு உதாரணம் சொன்னால் உடனே விளங்கும். ஆடிப் பூரத் தேரோட்டத்தில் வடம் பிடிக்க ஆயிரக்கணக்கானவர் வருகிறார்கள். தேரை இழுப்பது அவர்கள். ஆனால் அவ்வளவு பெரிய தேர் யார்மேலும் ஏறாமல் வீதி சுற்றி நிலைக்கு வந்து சேருவது யாரால்? சக்கரத்தின் அருகிலேயே நடந்து, சமயம் பார்த்து முட்டுக்கட்டை போடுகிறார்களே, அவர்களால். அந்த வேலையை யாரும் வந்து செய்துவிட முடியாது. பழகியிருக்க வேண்டும், கண்ணும் கையும் ஒன்றாக ஓட வேண்டும். இன்னொன்றும் வேண்டும்: "விலகு!" என்று அவர்கள் போடுகிற சத்தம் கூட்டத்துக்குப் புரிய வேண்டும்.

விமானப் பணியாளர் அந்த முட்டுக்கட்டைக்காரர்தான். 50 இருக்கைக்கு ஒருவர் வீதம் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது விதி. 180 பேர் போகும் விமானத்தில் நால்வருக்குக் குறையக் கூடாது. இது காபி கொடுக்கப் போட்ட கணக்கல்ல. ஆபத்தில் கதவைத் திறந்து ஆட்களை வெளியேற்றப் போட்ட கணக்கு. தீயணைக்க, மூச்சு நின்றவருக்கு முதலுதவி செய்ய, கதவோடு விரியும் சறுக்குப் பாதையை இயக்க அவர்களுக்குப் பயிற்சி உண்டு. கடல் தடத்துக்கென்று தண்ணீரிலேயே பயிற்சி உண்டு. லைஃப் ஜாக்கெட் அணிந்து நீரில் இறங்க வேண்டும். மிதவைப் படகை விரித்து அதில் ஏற வேண்டும். தளர்ந்தவரைப் பிடித்து ஏற்ற வேண்டும். ஆண்டுதோறும் பயிற்சியைப் புதுப்பிக்க வேண்டும்.

விமானத்தில் இருக்க வேண்டிய சாமான்களுக்கும் உலக விதி இருக்கிறது. கரையிலிருந்து 50 கடல் மைலுக்கு, அதாவது சுமார் 93 கிலோமீட்டருக்கு, அப்பால் போனால் ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் வேண்டும். பெரிய விமானமானால் 400 கடல் மைல் தூரம், அல்லது இரண்டு மணி நேரப் பறப்பு, இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டினால் மிதவைப் படகுகளும் வேண்டும்.

இந்தத் தகுதிகள் எப்படிப் பலன் தரும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. 1955 ஏப்ரல் 11-ம் தேதி, பாண்டுங் மாநாட்டுக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஹாங்காங்கிலிருந்து ஜகார்த்தா நோக்கிப் பறந்த ஏர் இந்தியாவின் 'காஷ்மீர் பிரின்சஸ்' விமானத்தில், சதிகாரர்கள் வைத்த குண்டு நடுவானில் வெடித்தது. தீயும் புகையும் சூழ்ந்தன. காப்டன் ஜட்டார் விமானத்தைக் கடலை நோக்கி இறக்கினார். அந்தச் சில நிமிஷங்களில் பணியாளர்கள் பிரயாணிகளுக்கு லைஃப் ஜாக்கெட்டுகளை எடுத்துக் கொடுத்தார்கள். அவசரக் கதவுகளைத் திறந்துவைத்தார்கள். 19 பேரில் பிழைத்தது மூவரே. காப்டன் ஜட்டாரும் பணிப்பெண் குளோரியா பெர்ரியும் திரும்பவில்லை. ஆனால் கடைசி நிமிஷம் வரை தங்கள் வேலையை அவர்கள் விடவில்லை.

அடுத்த ஆண்டே இன்னொரு சம்பவம். 1956 அக்டோபர் 16-ம் தேதி, ஹோனலூலுவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் போன பான் அமெரிக்கன் விமானத்தில் நாலு இஞ்சின்களில் இரண்டு கெட்டுப்போயின. கீழே கடற்காவல் கப்பல் ஒன்று நின்றது. காப்டன் ஆக் இரவில் இறங்கவில்லை. பொழுது விடியட்டும் என்று கப்பலையே வட்டமிட்டுக்கொண்டிருந்தார். இந்த ரக விமானம் கடலில் மோதினால் வால்பக்கம் முறியும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே பின்னால் இருந்தவர்களை முன்னால் வரச் சொன்னார்கள், வந்தார்கள். எதிர்பார்த்தபடியே வால் முறிந்தது. 31 பேரும் பிழைத்தார்கள். சொல்லத் தெரிந்தவர் இருந்தார். கேட்டுப் புரிந்துகொண்டவரும் இருந்தார். இரண்டில் ஒன்று குறைந்திருந்தால்?

பதினொரு நாளில் இரண்டு பாடங்கள்

1996 நவம்பர் மாதத்தை விமான உலகம் மறக்க முடியாது. அந்த மாதம் 12-ம் தேதி, டில்லிக்கு அருகே சார்க்கி தாத்ரி என்ற இடத்துக்கு மேலே, டில்லியிலிருந்து ஏறிய சவூதி விமானமும் டில்லிக்கு இறங்கிவந்த கஜகஸ்தான் விமானமும் மோதின. 349 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. கஜகஸ்தான் விமானம் தனக்குச் சொல்லப்பட்ட உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. அந்த விமானத்தில் இருந்தவர்களுக்கு ஆங்கிலம் சரியாக விளங்காதது முக்கியக் குறை என்று விசாரணையில் தெரிந்தது.

அதிலிருந்து பதினொரே நாள். நவம்பர் 23-ம் தேதி, பம்பாயிலிருந்து தொடங்கி அடிஸ் அபாபா வழியாக ஆப்பிரிக்க நகரங்களுக்குப் போகும் எத்தியோப்பிய விமானத்தை, அடிஸ் அபாபாவை விட்டு ஏறிய பிறகு மூன்று பேர் கடத்தினார்கள். ஆஸ்திரேலியாவுக்குப் போ என்றார்கள். அவ்வளவு பெட்ரோல் இல்லை என்று காப்டன் லெயுல் அபாதே சொன்னதை நம்பவில்லை. இரண்டு இஞ்சின்களும் நின்றன. கொமோரோ தீவின் கரையோரமாகக் கடலில் இறக்கினார் காப்டன். விமானம் உருண்டு உடைந்தது. 175 பேரில் 125 பேர் இறந்தனர். மோதலில் இறந்தவர்கள் போக, வேறு ஒரு காரணத்தால் இறந்தவர்களும் உண்டு. உள்ளே இருக்கும்போதே லைஃப் ஜாக்கெட்டை ஊதிக்கொண்டுவிட்டார்கள். வெளியே போன பிறகுதான் ஊத வேண்டும் என்ற ஒரு வாக்கியம் அந்தப் பதற்றத்தில் அவர்கள் மனத்தில் நிற்கவில்லை.

உள்ளே ஊதினால் என்ன ஆகும்? கிணற்றில் நீந்தக் கற்ற ராஜபாளையத்துப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பிள்ளைகளின் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டித்தான் கிணற்றில் இறக்குவது வழக்கம். குடுக்கை இருக்கும்வரை பிள்ளை முழுகாது. ஆனால் குடுக்கையோடு முங்கி அடியில் கிடக்கும் கல்லை எடுத்து வா என்றால் முடியுமா? முடியாது; குடுக்கை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். விமானத்துக்குள் தண்ணீர் ஏறும்போது வெளியேறும் கதவு தண்ணீருக்கு அடியில் போய்விடலாம். ஊதிய சட்டை ஆளைக் கூரையோடு கூரையாகத் தூக்கிவிடும். குனிந்து முங்கிக் கதவு வழியே போக வழியில்லை. காக்க வந்த சட்டையே கட்டிப்போட்டுவிடுகிறது.

இந்த இரண்டு விபத்துகளிலும் இரண்டு பாடங்கள் இருந்தன. முதல் பாடத்தை உலகம் படித்தது. மாண்ட்ரீலில் உள்ள சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, விமானிகளின் ஆங்கில அறிவை ஆறு படிகளாக வகுத்து, நாலாவது படியாவது ஏறியிருக்க வேண்டும் என்று 2008 மார்ச் முதல் கட்டாயமாக்கியது. விமானியும் தரையில் இருப்பவரும் ஒருவருக்கொருவர் புரியப் பேச வேண்டும் என்பது தகுதியாகிவிட்டது. நல்லது.

இரண்டாவது பாடம் என்ன ஆயிற்று? பணியாளர் சொல்வது பிரயாணிக்குப் புரிய வேண்டாமா? அது அந்த அளவுக்குத் தகுதியாகவில்லை. இந்திய விமானங்களில் பெரும்பாலும் ஆங்கிலமும் ஹிந்தியும்தான் ஒலிக்கின்றன. மதுரையில் ஏறுகிறவருக்கு எந்த மொழி தெரியும் என்ற கேள்வியை யாரும் கட்டாயமாகக் கேட்பதில்லை. எத்தியோப்பிய விமானத்தில் நேர்ந்தது மொழியால் அல்ல, பயத்தால் என்று சொல்லலாம். சரிதான். காதில் விழுந்த சொல்லையே பயம் விழுங்கிவிடுகிறது என்றால், புரியாத சொல் எந்த மூலை?

"படம் இருக்கிறதே!"

இதற்குச் சில பதில்கள் தயாராக இருக்கின்றன. அவற்றையும் பார்க்கலாம்.

"கடலில் விமானம் இறங்குவது அபூர்வம், இறங்கினால் பிழைப்பது அதைவிட அபூர்வம். எதற்கு இத்தனை கவலை?" என்பார்கள். அபூர்வம் என்பது உண்மை. ஆனால் பிழைக்க முடியாது என்பது உண்மை அல்ல. 2009 ஜனவரி 15-ம் தேதி நியூயார்க்கில் பறவைக் கூட்டம் மோதி இரண்டு இஞ்சினும் நின்றுபோன விமானத்தைக் காப்டன் சல்லன்பர்கர் ஹட்சன் ஆற்றில் இறக்கினார். 155 பேரும் பிழைத்தார்கள். அன்றையப் பிரயாணத்துக்குக் கடல் விதிப்படியான சாமான்கள் தேவையில்லை. தற்செயலாக அந்த விமானத்தில் அவை இருந்தன. அதிர்ஷ்டம்! ஆனால் இன்னொன்றும் விசாரணையில் தெரிந்தது. பிரயாணிகளில் பத்துக்கு ஏழு பேர் ஆரம்பச் செய்முறையைப் பார்க்கவே இல்லை. பெரும்பாலோர் லைஃப் ஜாக்கெட்டை எடுத்து அணியவில்லை. ஆங்கிலம் வழங்கும் ஊரிலேயே இந்தக் கதி என்றால், ஆங்கிலமும் ஹிந்தியும் அறியாதவரின் கதி என்ன?

"படம் போட்ட அட்டை இருக்கைப் பையில் இருக்கிறதே!" என்பார்கள். இருக்கிறது. சட்டையை எப்படி மாட்டுவது என்று படம் காட்டும். ஆனால் இழுக்கும் பிடியை எப்போது இழுக்கக் கூடாது, ஏன் கூடாது என்பதைப் படம் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். மேலும், கண் மங்கிய அறுபது வயதுத் தாயார் அந்த அட்டையை எடுத்துப் பார்ப்பார் என்று எண்ணுவது வெறும் ஆசை.

"தமிழில் பதிவு செய்த நாடா ஒன்றைப் போட்டுவிட்டால் போதாதா?" என்பார்கள். பறக்குமுன் அது போதும். அதையாவது உடனே செய்யலாம். ஆனால் ஆபத்து வேளையில் யந்திரத்தை நம்ப முடியாது. 2024 ஜனவரி 2-ம் தேதி டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் தரையில் மோதித் தீப்பிடித்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தில் ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. பணியாளர்கள் கை மெகாபோனாலும் தொண்டையாலும் கத்தியே வழிகாட்டினார்கள். பெட்டியை எடுக்காதே என்றார்கள், எடுக்கவில்லை. 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். அங்கே ஜெயித்தது மனிதக் குரல், புரிந்த குரல்.

"இது மொழிச் சண்டை" என்று சிலர் ஒதுக்கிவிடவும் கூடும். ஒருபோதும் இல்லை. ராஜபாளையத்து நூற்பு மில்களைப் பார்த்தால் போதும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளிகள் தமிழ்நாட்டு மில்களில் இன்று வேலை செய்கிறார்கள். ஓடும் யந்திரத்தில் கை வைக்காதே என்ற எச்சரிக்கையைத் தமிழில் மட்டும் எழுதிவைத்துவிட்டு, கை போன பிறகு "போர்டு இருந்ததே" என்றால் யார் ஏற்பார்கள்? அவனுக்குத் தெரிந்த மொழியில் சொல்வதுதான் முதலாளியின் கடமை. வடநாட்டுத் தொழிலாளிக்கு ராஜபாளையம் மில்லில் எது நியாயமோ, தென்னாட்டுத் தாயாருக்கு விமானத்தில் அதே நியாயம். கோழிக்கோட்டிலிருந்து போகிறவருக்கு மலையாளம், கல்கத்தாவிலிருந்து போகிறவருக்கு வங்காளி என்று எல்லோருக்கும் பொருந்தும் நியாயம் இது.

ஐந்து வாக்கியம் போதும்

செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் காரியம் அல்ல. தமிழ்நாட்டு விமான நிலையங்களிலிருந்து கடல் தாண்டும் ஒவ்வொரு விமானத்திலும், பறக்குமுன் செய்யும் அறிவிப்பு தமிழிலும் இருக்க வேண்டும். அதில் லைஃப் ஜாக்கெட்டை உள்ளே ஊதக் கூடாது என்பதும், ஏன் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். இது முதலாவது.

இரண்டாவது, அந்தத் தடத்தில் போகும் பணியாளர்களில் ஒருவராவது தமிழ் அறிந்தவராக இருக்க வேண்டும். கிடைக்கமாட்டார்கள் என்ற சாக்குச் செல்லாது. வேலைக்குக் காத்திருக்கும் தமிழ் இளைஞர்களும் பெண்களும் ஏராளம்.

மூன்றாவது, தமிழ் தெரியாத மற்றப் பணியாளர்களும் ஐந்து வாக்கியங்களை மனப்பாடம் செய்ய வேண்டும். "தலையைக் குனியுங்கள்." "பெல்ட்டைக் கழற்றுங்கள்." "சாமானை விட்டுவிடுங்கள்." "இந்த வழியே வாருங்கள்." "வெளியே போய் ஊதுங்கள்." பத்து நிமிஷத்தில் கற்றுக்கொள்ளலாம். ஆண்டுதோறும் நடக்கும் பயிற்சியில் தீயணைப்பதையும் படகு விரிப்பதையும் சோதிக்கிறவர்கள், இந்த ஐந்து வாக்கியங்களையும் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டால் முடிந்தது. அன்றைக்கு இதுவும் ஒரு தகுதியாகிவிடும்.

சர்க்காருக்கு இந்த நினைப்பு அறவே இல்லை என்று சொல்ல முடியாது. 2018 டிசம்பரில், விமான நிலையங்களில் செய்யும் அறிவிப்புகள் முதலில் உள்ளூர் மொழியில் இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. எந்த வாயிலில் விமானம் நிற்கிறது என்பதைத் தாய்மொழியில் சொல்வது அவசியம் என்றால், எந்தக் கதவு வழியாக உயிர் தப்புவது என்பதைச் சொல்வது அதைவிட அவசியம் அல்லவா? தமிழ் விமானிகள் சிலர் தாமாகவே தமிழில் அறிவிப்புச் செய்கிறார்கள். பிரயாணிகள் கை தட்டி வரவேற்கிறார்கள். அது அவர்களுடைய நல்ல மனசு. உயிர்ப் பாதுகாப்பு ஒருவருடைய நல்ல மனசை நம்பி நிற்கக் கூடாது; விதியை நம்பி நிற்க வேண்டும்.

பிரயாணிகளுக்கும் ஒரு கடமை இருக்கிறது. நடைவழியில் நின்று ஒருவர் செய்து காட்டும்போது கைபேசியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு நிமிஷம் பார்ப்பது பெரிய காரியம் இல்லை. பக்கத்தில் இருக்கும் பெரியவர் "என்ன சொன்னார்கள்?" என்று கேட்டால், "ஒன்றுமில்லை" என்று சொல்லாமல் விளக்கிச் சொல்லலாம். பணியாளரை விரல் சொடுக்கிக் கூப்பிடும் பழக்கத்தையும் அதோடு விட்டுவிடலாம்.

கடலோரத்தில் பிறந்தவனுக்குக் கடலின் குணம் ஓரளவு தெரியும். மலையடிவாரத்தில் பிறந்தவருக்குச் சொன்னால்தான் தெரியும். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இருந்து இன்றும் ஒரு தாயார் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார். டிக்கெட்டுக்கு முழுப் பணம் கொடுத்திருக்கிறார். அவருடைய இருக்கைக்கு அடியில் லைஃப் ஜாக்கெட் ஒன்று மடித்து வைத்திருக்கிறது. அதை எப்போது ஊத வேண்டும் என்பதை அவருக்குப் புரியும்படி சொல்ல எவ்வளவு செலவாகும்?

சிவில் விமானப் போக்குவரத்து இலாகா இதைக் கவனிக்குமா?